யார் கத்தோலிக்கர்? யார் பதிதர்?

போப் ஆண்டவரின் சபையில் கோடு எங்கே போட்டிருக்கிறது?

2024-ம் ஆண்டு ஜூலை மாதம். ரோம் நகரில் இருந்து ஒரு தீர்ப்பு வெளிவந்தது.

கார்லோ மரியா விகானோ என்பவர் கத்தோலிக்க சபைக்குப் புறம்பாகிவிட்டார் என்பதே அந்தத் தீர்ப்பு.

இந்த விகானோ சாதாரண ஆள் அல்ல. பேராயர் பட்டம் பெற்றவர். 2011 முதல் 2016 வரை அமெரிக்காவில் போப் ஆண்டவரின் தூதராக இருந்தவர். தீர்ப்பு வந்தபோது அவருக்கு வயது 83.

அப்படி அவர் என்ன குற்றம் செய்தார்? கொலை செய்தாரா? கோவில் பணத்தைச் சுருட்டினாரா? தீர்ப்பில் அப்படி எதுவும் இல்லை.

அப்போது போப் ஆண்டவராக இருந்த பிரான்சிசை அவர் ஏற்க மறுத்தார். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாவது வாடிகன் சங்கத்தையும் ஏற்க மறுத்தார். (உலகம் எங்கும் உள்ள பிஷப்புகள் ஒன்றுகூடி முடிவு எடுக்கும் மாநாட்டுக்குச் "சங்கம்" என்று பெயர்.) விசாரணைக்கு வரும்படி ரோமில் இருந்து அழைத்தார்கள். அவர் போகவில்லை. "என்னை விசாரிக்க உங்களுக்கு அதிகாரமே இல்லை" என்ற பாணியில் பதில் சொன்னார்.

உலகில் சுமார் 140 கோடி கத்தோலிக்கர்கள் இருக்கிறார்கள். அத்தனை பேரும் எல்லாவற்றையும் ஒன்றுபோல நம்புகிறார்களா? இல்லை. வீட்டுக்கு வீடு கருத்து வேற்றுமை உண்டு. அப்படி இருக்க, ஒருவரை மட்டும் "நீ வெளியே" என்று சொல்வது எப்படி? எதை நம்பினால் ஒருவர் கத்தோலிக்கர்? எதை மறுத்தால் பதிதர்?

மூன்று குற்றங்கள்

கத்தோலிக்க சபைக்குத் தனிச் சட்டப் புத்தகம் இருக்கிறது. இப்போது நடைமுறையில் உள்ள சட்டம் 1983-ல் வந்தது. அதில் 751-வது பிரிவு மூன்று குற்றங்களைச் சொல்கிறது.

ஒரு கூட்டுக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மகன், "இது என் வீடே அல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். இது மறுதலிப்பு. கிறிஸ்தவ மதத்தையே முழுவதும் கைவிடுவது.

இன்னொரு மகன், "இது என் வீடுதான். ஆனால் பெரியவர் சொல்லைக் கேட்க மாட்டேன். தனி அடுப்பு வைத்துக்கொள்வேன்" என்கிறான். இது பிரிவினை. போப் ஆண்டவருக்கும் அவரோடு சேர்ந்தவர்களுக்கும் கட்டுப்பட மறுப்பது. விகானோ மீது வந்த குற்றச்சாட்டு இதுதான்.

மூன்றாவது மகன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். ஆனால், "இந்தக் குடும்பம் நிற்கிற ஆதாரக் கொள்கைகளில் ஒன்று பொய்" என்று சாதிக்கிறான். இதுதான் பதிதம். அப்படிச் செய்பவர் பதிதர்.

பதிதர் ஆவது எப்படி?

பதிதர் என்ற பட்டம் லேசில் கிடைத்துவிடாது! அதற்கு மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன.

ஒன்று: அவர் ஞானஸ்நானம் பெற்றவராக இருக்க வேண்டும். ஓர் இந்துவோ, ஒரு முஸ்லிமோ பதிதர் ஆக முடியாது. அவர்கள் அந்த வீட்டுக்குள் வந்தவர்களே அல்ல.

இரண்டு: அவர் மறுக்கும் விஷயம் சாதாரணமானதாக இருக்கக்கூடாது. "இது கடவுளே வெளிப்படுத்திய உண்மை, இதை நம்பியே ஆகவேண்டும்" என்று சபை அறிவித்த விஷயமாக இருக்க வேண்டும்.

மூன்று: பிடிவாதம் இருக்க வேண்டும். இதுதான் மிகவும் முக்கியம். தெரியாமல் பேசியவர் பதிதர் அல்ல. சந்தேகம் வந்து தவிப்பவர் பதிதர் அல்ல. "இது தவறு" என்று எடுத்துச் சொன்ன பிறகும், தெரிந்தே, அழுத்தமாக மறுப்பவரையோ, பிடிவாதமாகச் சந்தேகிப்பவரையோதான் சட்டம் பதிதர் என்கிறது.

16 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு இந்தத் தண்டனை கிடையாது. "கடவுள் மூன்று ஆளா, ஒரு ஆளா? எனக்குப் புரியவில்லையே!" என்று கேட்கிற பள்ளிக்கூடப் பிள்ளையை நினைத்து எந்தத் தாயும் பயப்பட வேண்டியது இல்லை.

கட்டாயம் எது? இஷ்டம் எது?

நம்பியே ஆகவேண்டியவை எவை?

1,700 ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வி எழுந்தது. எகிப்து நாட்டில் அலெக்சாந்திரியா நகரில் ஆரியுஸ் என்று ஒரு குரு இருந்தார். "ஏசு பெரியவர்தான். ஆனால் அவரும் கடவுளால் படைக்கப்பட்டவர். கடவுளுக்குச் சமமானவர் அல்ல" என்று அவர் போதித்தார். ஊரே இரண்டுபட்டது.

ரோமாபுரிச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் பிஷப்புகளை அழைத்தார். 325-ம் ஆண்டில், இன்றைய துருக்கி நாட்டில் இருக்கும் நிசேயாவில் சுமார் 300 பிஷப்புகள் கூடினார்கள். "ஏசு படைக்கப்பட்டவர் அல்ல, தந்தையோடு ஒரே தன்மை உடையவர்" என்று முடிவு செய்தார்கள். ஆரியுஸ் நாடு கடத்தப்பட்டார். அங்கே எழுதிய விசுவாசப் பிரமாணம் 381-ல் விரிவாக்கப்பட்டது. அதுதான் இன்றும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைகளில் சொல்லப்படுகிறது.

2025-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி போப் ஆண்டவர் பதினான்காம் லியோ அதே ஊருக்குப் போனார். இப்போது அந்த ஊரின் பெயர் இஸ்னிக். ஏரிக் கரையில் இடிந்து கிடக்கும் பழைய கோவில் அருகே, ஆர்த்தடாக்ஸ் சபைத் தலைவர் பர்த்தலோமியுவும் அவரும் சேர்ந்து ஜெபம் செய்தார்கள்.

இந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1054-ல் ரோம் தரப்பும் கான்ஸ்டான்டிநோபிள் தரப்பும் ஒருவரை ஒருவர் சபைக்குப் புறம்பாக்கிக் கொண்டார்கள். 1965-ம் ஆண்டு டிசம்பர் மாதம்தான் இரு தரப்பும் அந்தத் தண்டனைகளை ரத்து செய்தன. 911 ஆண்டுகள்! இரண்டு சபைகளும் இன்னும் ஒன்றாகச் சேர்ந்துவிடவில்லை. ஆனால் பேச்சு வார்த்தை இருக்கிறது.

விசுவாசப் பிரமாணத்தோடு வேறு சில கட்டாயங்களும் உண்டு. மாதா ஜென்ம பாவம் இல்லாமல் உற்பவித்தார் என்பது 1854-ல் அறிவிக்கப்பட்டது. விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றிச் சபை முழுவதற்கும் முடிவாகப் போதிக்கும்போது போப் ஆண்டவர் தவற மாட்டார் என்பது 1870-ல் வந்தது. மாதா உடலோடு மோட்சம் சேர்ந்தார் என்பது 1950-ல் வந்தது. இவற்றைப் பிடிவாதமாக மறுப்பவர் கத்தோலிக்கராக இருக்க முடியாது.

ஆனால் ஓர் ஆச்சரியம்! பிரான்சு நாட்டில் லூர்து என்ற ஊரில் மாதா காட்சி கொடுத்தார் என்று கோடிக்கணக்கானவர்கள் நம்புகிறார்கள். அதை நம்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கத்தோலிக்கருக்கு இல்லை! போர்ச்சுகலில் உள்ள பாத்திமா காட்சிக்கும் அப்படித்தான். சபை அவற்றை ஏற்றுக்கொண்டது, பக்தியை ஆதரிக்கிறது. ஆனாலும் நம்பாதவரைப் பதிதர் என்று சொல்ல முடியாது.

தண்ணீரும் வார்த்தையும்

பதிதர் யார் என்று பார்த்தோம். கிறிஸ்தவர் யார்? கத்தோலிக்க சபையின் பதில் சுருக்கமானது. முறைப்படி ஞானஸ்நானம் பெற்றவர் கிறிஸ்தவர்.

தண்ணீர் வேண்டும். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உன்னை ஞானஸ்நானம் செய்கிறேன்" என்ற வார்த்தை வேண்டும். சபை என்ன நினைத்து அதைச் செய்கிறதோ, அதே எண்ணம் வேண்டும். இந்த மூன்றும் இருந்தால், கொடுத்தவர் புராட்டஸ்டண்டு போதகராக இருந்தாலும் செல்லும். அப்படிப்பட்டவர் கத்தோலிக்க சபையில் சேரும்போது மறுபடியும் ஞானஸ்நானம் கொடுப்பது இல்லை.

ஆனால் மார்மன் சபையார் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001-ல் ரோம் அறிவித்தது. அவர்களும் அதே மாதிரி வார்த்தைகளைத்தான் சொல்கிறார்கள். பிறகு ஏன் செல்லாது? பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று அவர்கள் சொல்வதன் பொருள் வேறு. வார்த்தை ஒன்று, நம்பிக்கை வேறு என்பதுதான் காரணம்.

வார்த்தை மாறினாலும் ஆபத்து! 2020-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் நடந்தது இது. ஓர் இளம் குரு, தான் குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் பெற்றதைப் பழைய படத்தில் போட்டுப் பார்த்தார். அதைக் கொடுத்தவர் "உன்னை ஞானஸ்நானம் செய்கிறேன்" என்று சொல்லவில்லை. "ஞானஸ்நானம் செய்கிறோம்" என்று சொல்லியிருந்தார்! ஒரே ஒரு சொல் வித்தியாசம். அது செல்லாது என்று ரோம் அப்போதுதான் தீர்ப்புக் கூறி இருந்தது. அப்படியானால் அவர் ஞானஸ்நானம் பெறாதவர். பெறாதவர் குருவாக ஆகியிருக்க முடியாது. பாவம்! அந்தக் குரு முதலில் இருந்து ஆரம்பித்தார். ஞானஸ்நானம் பெற்று, மறுபடியும் குருப் பட்டம் பெற்றார்.

மோட்சத்துக்குப் பூட்டுப் போட்டவர்

இனி இரண்டு பேருடைய கதையைப் பார்ப்போம். இரண்டு பேரும் கத்தோலிக்க குருக்கள். ஒருவர் சபையின் கதவை இறுக்கிச் சாத்தினார். மற்றவர் அகலத் திறந்தார். இரண்டு பேருமே வெளியே தள்ளப்பட்டார்கள்!

முதல்வர் அமெரிக்கர். லியோனார்டு பீனி என்று பெயர். ஏசு சபைக் குரு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரு மன்றத்தில் மாணவர்களுக்குப் போதித்து வந்தார். "கத்தோலிக்க சபையில் சேராதவர் யாருக்கும் மோட்சம் இல்லை" என்பது அவர் கொள்கை. புராட்டஸ்டண்டுகாரர், யூதர், மற்ற மதத்தார் எல்லாருக்கும் கதவு அடைப்பு!

அப்போது அங்கே மாணவராக இருந்த ராபர்ட் கென்னடிக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. (பின்னால் ஜனாதிபதி ஆன ஜான் கென்னடியின் தம்பி இவர்.) அவரே கத்தோலிக்கர். என்றாலும் பீனியோடு வாதாடினார்.

1949-ல் ரோமில் இருந்து பாஸ்டன் பேராயருக்குக் கடிதம் வந்தது. "சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்பது உண்மையான போதனைதான். ஆனால் அதற்குப் பீனி சொல்லும் பொருள் தவறு. தன் குற்றம் இல்லாமல் சபையை அறியாத ஒருவர், கடவுளின் சித்தப்படி நடக்க மனதார விரும்பினால், அந்த விருப்பமே அவரைச் சபையோடு சேர்க்கும்" என்பது அதன் சாரம்.

பீனி கேட்கவில்லை. ரோமுக்கு வரச் சொன்னார்கள். போகவில்லை. 1953 பிப்ரவரியில் சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். கீழ்ப்படியாமைதான் குற்றம். சபைக்கு வெளியே இருப்பவருக்கு மோட்சம் இல்லை என்று சொன்னவர், தாமே சபைக்கு வெளியே நின்றார்!

அப்படியே 19 ஆண்டுகள் போயின. 1972-ல் சமரசம் ஏற்பட்டது. முதியவரான பீனி, சபையின் விசுவாச அறிக்கையைச் சொல்லி மீண்டும் சேர்ந்தார். 1978-ல் இறந்தார்.

கொழும்புப் பெரியவர்

இரண்டாமவர் நம் பக்கத்து நாட்டுக்காரர். இலங்கையைச் சேர்ந்த திச பாலசூரிய. சிங்களவர். கொழும்பில் சமூக ஆராய்ச்சி நிலையம் நடத்தி வந்த குரு.

1990-ல் மாதாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். "மாதாவை அடக்க ஒடுக்கமான பெண்ணாக மட்டும் காட்டிவிட்டோம். அவர் ஏழைகளின் பக்கம் நின்ற துணிச்சலான தாய்" என்பது அவர் கருத்து. அதோடு நிற்கவில்லை. ஜென்ம பாவம் பற்றிய பழைய விளக்கத்தைக் கேள்வி கேட்டார். பெண்களும் குரு ஆகலாம் என்றார். புத்தரையும் மற்ற மகான்களையும் வழிபடும் ஆசிய மக்களுக்கு மீட்பு உண்டா என்ற கேள்வியை எழுப்பினார்.

1994-ல் இலங்கை பிஷப்புகள் எச்சரித்தார்கள். விஷயம் ரோமுக்குப் போனது. அங்கே இந்த இலாகாவுக்குத் தலைவர் கர்தினால் ராட்சிங்கர். பின்னால் போப் ஆண்டவர் பதினாறாம் பெனடிக்ட் ஆனவர். "இந்த விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போடுங்கள்" என்று ஓர் அறிக்கை வந்தது. பாலசூரிய அதற்குப் பதில் ஆறாம் பால் போப் ஆண்டவர் எழுதிய அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். ஆனால் தன் சிந்தனைச் சுதந்திரம் பற்றி ஒரு வரி சேர்த்துவிட்டார். ரோம் அதை ஏற்கவில்லை.

1997 ஜனவரி 2-ந் தேதி அவர் சபைக்குப் புறம்பானார். அப்போது வயது 72. வாழ்நாள் எல்லாம் பூசை வைத்தவர், இனிப் பூசை வைக்கக்கூடாது! "என் புத்தகத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள்" என்று அவர் முறையிட்டார். பல நாடுகளில் இருந்து ஆதரவுக் குரல் எழுந்தது.

ஓர் ஆண்டு கழிந்தது. 1998 ஜனவரி 15-ந் தேதி கொழும்பில் சமரசம் ஆயிற்று. தன் எழுத்தில் பிழை இருப்பதாக மற்றவர்கள் கண்டதற்கு அவர் வருத்தம் தெரிவித்தார். கூடுதல் வரி இல்லாமல் விசுவாச அறிக்கையைச் சொன்னார். தண்டனை நீங்கியது. 2013 ஜனவரியில், சபையின் குருவாகவே கண் மூடினார்.

இரண்டு கதைகளும் ஒரு விஷயத்தைக் காட்டுகின்றன. ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதைவிட, "கூப்பிட்டபோது என்ன செய்தார்?" என்பதைத்தான் ரோம் அதிகமாகப் பார்க்கிறது. சபையின் நம்பிக்கையை வாய்விட்டுச் சொன்னவுடன் கதவு திறந்தது.

இதில் குறை காண்பவர்களும் உண்டு. "குற்றம் சாட்டுவதும் அதே இலாகா, தீர்ப்புச் சொல்வதும் அதே இலாகா. இது நியாயமா?" என்று கேட்கிறார்கள். சபையின் பதில் வேறு. "வழிவழியாக வந்த நம்பிக்கையை ஆளுக்கு ஆள் மாற்ற அனுமதித்தால், கடைசியில் என்ன மிஞ்சும்?" என்கிறது அது.

லுத்தரன்காரர் பதிதரா?

புராட்டஸ்டண்டு சபையாருக்கும் கத்தோலிக்கருக்கும் நம்பிக்கையில் வேற்றுமை உண்டு. அப்படியானால் அவர்கள் எல்லாம் பதிதர்களா?

ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். மார்ட்டின் லுத்தர் 1521-ல் சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். அந்தச் சண்டை நம் ஊருக்கும் வந்தது. தரங்கம்பாடியில் 1706-ல் லுத்தரன் மிஷனரிகள் வந்து இறங்கினார்கள். "தேம்பாவணி" பாடிய வீரமாமுனிவர் கத்தோலிக்கர். லுத்தரன்காரர்களை மறுத்து அவர் தமிழில் நூல்களே எழுதினார். "பேதகம் மறுத்தல்" அவற்றில் ஒன்று.

இன்று நிலைமை மாறிவிட்டது. "வேறு சபையில் பிறந்து, அங்கேயே ஏசுவை நம்பி வளர்ந்தவர் மீது பிரிவினைக் குற்றம் சாட்ட முடியாது. அவர்கள் சகோதரர்கள்" என்று 1964-ல் இரண்டாவது வாடிகன் சங்கம் சொல்லிவிட்டது. லுத்தர் சண்டை போட்ட முக்கியமான விஷயம், மனிதன் கடவுள் முன் நீதிமான் ஆவது எப்படி என்பது. அதைப் பற்றி 1999 அக்டோபர் 31-ந் தேதி ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இரு தரப்பும் கூட்டாகக் கையெழுத்துப் போட்டன. பழைய கண்டனங்கள் இன்றைய போதனைக்குப் பொருந்தாது என்று ஒப்புக்கொண்டன.

ஒரு தாயின் வழக்கு

பதிதர் என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு காலத்தில் உடல் நடுங்கும். ஏன் என்றால் அதற்குத் தண்டனை மரணம்!

பிரான்சு நாட்டு வீரப் பெண் ஜோன். குடியானவர் வீட்டுப் பெண். 1431-ம் ஆண்டு மே 30-ந் தேதி ரூவான் நகரில் அவளைக் கம்பத்தில் கட்டி உயிரோடு எரித்தார்கள். அப்போது வயது சுமார் 19. "பதிதை" என்று தீர்ப்பு எழுதியது ஒரு பிஷப் தலைமை வகித்த நீதிமன்றம். அவர் ஜோனுடைய எதிரிகளான ஆங்கிலேயர் பக்கம் இருந்தவர்.

மகள் சாம்பலான பிறகும் தாய் இசபெல் விடவில்லை. "என் மகள் நல்ல கிறிஸ்தவப் பெண்" என்று போப் ஆண்டவர் வரை முறையிட்டாள். மறு விசாரணை நடந்தது. 1456-ல் பழைய தீர்ப்பு செல்லாது என்று முடிவாயிற்று. 25 ஆண்டுகள் கழித்து நியாயம்! 1920-ல் அதே ஜோனை ரோம் புனிதை என்று அறிவித்தது. பதிதை என்று எரிக்கப்பட்டவள் இன்று பீடத்தில் இருக்கிறாள்.

உண்மையைக் காப்பதற்காகச் சபையின் பிள்ளைகள் கையாண்ட பலாத்காரத்துக்கு, 2000-ம் ஆண்டு மார்ச் மாதம் போப் ஆண்டவர் இரண்டாம் ஜான் பால் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார்.

வெளியே போனால் என்ன ஆகும்?

இன்று கம்பமும் இல்லை, நெருப்பும் இல்லை. சபைக்குப் புறம்பானவர் நற்கருணை வாங்க முடியாது. குருவாக இருந்தால் பூசை வைக்கக்கூடாது. சபையில் பதவி வகிக்க முடியாது. அவ்வளவுதான்.

அவர் பெற்ற ஞானஸ்நானம் அழியாது. விகானோ இன்றும் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்தான். மனம் மாறினால் திரும்பி வரலாம். அதனால்தான் சபைச் சட்டம் இந்தத் தண்டனையை மருந்து என்கிறது. மருந்து கசக்கிறதா, விஷமாகிறதா என்பது கொடுக்கிறவர் கையையும் பொறுத்தது. ஜோன் கதை அதைத்தான் சொல்கிறது.

வேளாங்கண்ணிக்கு வந்த கடிதம்

விகானோ மீது தீர்ப்புச் சொன்ன அதே இலாகா, அடுத்த மாதமே இன்னொரு கடிதம் எழுதியது. 2024 ஆகஸ்டில் தஞ்சாவூர் பிஷப்புக்கு வந்த கடிதம் அது. விஷயம் வேளாங்கண்ணி!

வேளாங்கண்ணிக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வருகிறார்கள். மொட்டை போடுகிறார்கள். மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். பிள்ளை வரம் கேட்கிறார்கள். இது மதக் கலப்படம் ஆகாதா? சந்தேகப்படுகிறவர்கள் இருக்கலாம். ரோம் சந்தேகப்படவில்லை. ஆறுதல் தேடித் தாயிடம் வருகிறவர்களின் பக்தியை மதக் கலப்பு என்று நினைக்கக்கூடாது என்று அந்தக் கடிதம் சொன்னது. அந்த யாத்திரையைப் பாராட்டியது.

ஒரே அலுவலகம். ஒரு மாதத்தில் இரண்டு கடிதம். உள்ளே பெரிய பதவியில் இருந்தவரை "நீ வெளியே" என்றது ஒன்று. வெளியே இருந்து வந்த ஏழைத் தாயை "வா அம்மா" என்றது மற்றொன்று.

கோடு எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிகிறது அல்லவா? சந்தேகப்படுகிறவனையும், அறியாதவனையும், வேறு மதத்தானையும் அந்தக் கோடு தடுக்கவில்லை. உள்ளே இருந்து, தெரிந்து, பிடிவாதமாக மறுப்பவரைத்தான் தடுக்கிறது. அதையும் தீர்மானிக்கப் பல எச்சரிக்கை, பல கடிதம், சில சமயம் பல வருடம் ஆகிறது.

ஆகவே, பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ வாதம் பேசினார் என்பதற்காக அவரைப் பதிதர் என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்லை அவசரப்பட்டுச் சொன்ன ஒரு நீதிமன்றம், 19 வயதுப் பெண்ணை எரித்தது. அதைத் திருத்த ஒரு தாய் 25 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.